விராலைக் குறைத்து மத்தியைக் கூட்டுங்கள்

நெய்வேலி சுற்றுவட்டார நீரில் பாதரசம் அளவுக்கு மீறி இருப்பதை 2023-இல் ‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பு வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்த வட்டாரத்தில் உள்ள வளையமாதேவி ஊர்க்காரர்கள் ஏரி, வாய்க்கால் மீனில் கவனமாக இருப்பது நல்லது. சின்ன மீனைத் தின்றே வளரும் விராலின் சதையில் பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும், மொறுமொறுவென்று வறுத்தாலும் போகாது. அதற்காகக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மீனையே நிறுத்திவிடாதீர்கள். மத்தி, நெத்திலி கொடுங்கள், சுறா வேண்டாம். பிள்ளை பெற நினைப்பவர்கள் சில மாதம் முன்பே மாறிவிடுங்கள். மீன் வழியே உடலில் சேர்ந்த பாதரசம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 நாள் பிடிக்கும்.

தண்ணீரைக் காய்ச்சுவது கிருமிக்குத்தான், பாதரசத்துக்கு அது போதாது. கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ‘பாதரசமும் பார்க்கவும்’ என்று தனியாக எழுதிக் கொடுங்கள்.