நம்பிக்கைகளும் உண்மைகளும்: சமையலறை ஷெல்ஃப்

கெலவரப்பள்ளி அணைப் பக்கமானாலும் ஓசூர் சிப்காட்டைச் சுற்றியானாலும், வாடகைக்கு விடும் லைன் வீடுகளில் சமையலறை என்றால் பெரும்பாலும் ஒரு மேடை, ஒரு சிங்க், அவ்வளவுதான். ஷெல்ஃப் வேண்டுமென்றால் வீட்டு ஓனரிடம் கேட்டுவிட்டு நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். டிரில்லிங் மிஷினை இரவல் கொடுப்பவர் யோசனையும் சேர்த்தே கொடுப்பார்.

'கல்லுதான் கெட்டி' என்பது முதல் யோசனை. கிரானைட்டுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அப்படித்தான் தோன்றும். ஆனால் 3 அடி நீளம், 1 அடி அகலம், 20 மி.மீ. கனமுள்ள கல் சுமார் 15 கிலோ இருக்கும். அதே அளவில் 18 மி.மீ. பிளைவுட் 3 கிலோ சொச்சம்தான். ராகி மாவு டப்பா ஏறுவதற்கு முன்பே 15 கிலோவைச் சுவரில் தொங்கவிட்டாயிற்று. சுவரில் காடி வெட்டிப் பதித்த கடப்பா கல் வேறு விஷயம். ஸ்க்ரூவை நம்பி நிற்கும் கல் வேறு.

'எல் ஆங்கிளின் நீளமான பக்கம் பலகைக்கு அடியில்' என்பார்கள். இதுதான் அதிகம் ஏமாற்றும். 1 அடி அகலப் பலகையில் 30 கிலோ பரவி இருந்தால், அந்தப் பாரம் சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளி இறங்குகிறது. சுவரோடு ஒட்டும் பக்கம் 6 அங்குலம் என்றால் மேல் ஸ்க்ரூக்களைப் பிடுங்கும் விசை மொத்தம் 30 கிலோ அளவு. அது 4 அங்குலமானால் 45 கிலோ. நீளமான பக்கம் சுவருக்குத்தான்.

'பிளக் இறுகிவிட்டது, இனி அசையாது.' எதில் இறுகியது? மேல்பூச்சே 12 முதல் 15 மி.மீ. இருக்கும். 35 மி.மீ. பிளக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூச்சிலேயே நின்றுவிடும். 8 மி.மீ. துளையும் 50 மி.மீ. பிளக்கும் நல்லது. துளை போடும்போது கொட்டும் தூளைப் பாருங்கள்: முதலில் வருவது பூச்சுத் தூள், அதற்குப் பிறகு சிவப்பு வந்தால் செங்கல், மாவு போல வெளுப்பாகக் கொட்டினால் ஏஏசி பிளாக், சாம்பல் நிறமாகக் கடைசிவரை எதிர்த்து நின்றால் சாலிட் பிளாக். பாதியில் பிட் சட்டென்று உள்ளே பாய்ந்தால் அது ஹாலோ பிளாக். அந்தப் பொந்தில் சாதாரண பிளக் சும்மா சுற்றும்.

அதற்காக 'ஹாலோ பிளாக்கில் ஒன்றும் நிற்காது' என்று கைவிடவும் வேண்டாம். உள்ளே போய் இறக்கை விரிக்கும் டாகிள் போல்ட் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஹேமர் மோடை மட்டும் அணைத்துவிடுங்கள். அந்த அதிர்ச்சியில் பிளாக்கின் உள்புறம் சிதறிவிடும். ஏஏசி பிளாக்குக்கும் இதே கட்டுப்பாடுதான், பிளக் மட்டும் அதற்கென்றே வருவது.

மரைன் பிளை தண்ணீருக்கு அசையாது என்பது பாதி உண்மை. ஐஎஸ் 710 முத்திரை இருந்தால் பசை கொதிநீருக்கும் விடாது. ஆனால் அறுத்த விளிம்பு வழியாக மரம் நீர் குடிக்கும். அங்கே பெயின்ட் அடியுங்கள்.

ஆங்கிள்களுக்கு நடுவே இரண்டு அடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். பாரம் ஒரே சீராகப் பரவியிருக்க, இடைவெளி இரட்டிப்பானால் நடுத்தொய்வு 16 மடங்காகும்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் குழாய்க்கு நேர் மேலேயும் துளை போடாதீர்கள். பதித்த ஒயரும் பைப்பும் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் ஓடும்.