வியாழனின் நிலவுகள்: ஐந்து இரவுச் செயல்பாடு

புதிய தொலைநோக்கியை வீட்டுக் கொல்லையில் நிறுத்தி வியாழனைக் காட்டினேன். பெற்றோருடன் வந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவி, "இவ்வளவு சின்னதா டீச்சர்?" என்றாள். பாடநூலின் வண்ணப்படத்தை எதிர்பார்த்து வரும் குழந்தைகளுக்கு இந்த ஏமாற்றம் இயல்பு. விளக்கம் சொல்லாமல், பார்த்ததை வரையச் சொன்னேன். ஒரு சிறு வட்டம். அதையொட்டி ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள். மறுநாள் இரவு புள்ளிகள் இடம் மாறியிருந்தன, ஒன்றைக் காணவில்லை. "எங்கே போச்சு டீச்சர்?" என்று அவளே கேட்டாள். பாடம் அங்கேதான் தொடங்கியது.

1610 ஜனவரி 7 அன்று கலிலியோ கண்டவை மூன்று புள்ளிகளே. விண்மீன்கள் என்றுதான் முதலில் எண்ணினார். இரவுதோறும் குறித்து வைத்த பிறகே, அவை வியாழனைச் சுற்றுபவை எனத் தெளிந்தார். அனைத்தும் பூமியையே சுற்றுகின்றன என்ற கருத்து ஆட்டம் கண்டது.

வகுப்பில் செய்ய: குறைந்த உருப்பெருக்கம் தரும் கண்ணருகு லென்சுடன் தொடங்குங்கள். ஐந்து இரவுகள், தேதியும் நேரமும் குறித்து வரையட்டும். அயோ சுமார் 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதால் மாற்றம் மறுநாளே தெரியும். வியாழனுக்குப் பின்னாலோ முன்னாலோ செல்லும் நிலவு மறையும். இதை மாணவர்களே ஊகிக்கட்டும். அயோ, யுரோப்பா, கானிமீடு, காலிஸ்டோ என்ற பெயர்களைக் கடைசியில் சொல்லுங்கள்.

பகலில் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, பார்வை பறிபோகும்.