முதல் உத்தியோகமும் மத்யன் கிணறும்

தாம்பரத்தில் மஃரிபு தொழுதுவிட்டு வெளியே வரும் பட்டதாரிப் பிள்ளைகளிடம், "வேலை எப்படி இருக்கிறது, தம்பி?" என்று நாம் கேட்பதுண்டு. "இன்னும் இருக்கிறது பாய்" என்று ஒருவர் சொன்னார். அந்த 'இன்னும்' நம் மனத்தைவிட்டு அகலவில்லை.

இது வீண் பயமன்று. மறைமலைநகர் ஃபோர்ட் ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. 2022 ஜூலையில் அங்கே கார் உற்பத்தி நின்றது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. கணினித் துறையிலும் டி.சி.எஸ். நிறுவனம் 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது.

அப்படியானால் பயப்படுவது ஈமானின் குறைவா? இல்லை. மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரை விட்டு அஞ்சியவர்களாகவே வெளியேறினார்கள் என்று கஸஸ் அத்தியாயமே கூறுகிறது. மத்யன் கிணற்றருகே இரு பெண்கள் தம் ஆடுகளுடன் ஒதுங்கி நின்றனர். கையில் வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. ஆயினும் அவர்களுடைய ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டுத்தான் நிழலில் ஒதுங்கி, தம் தேவையை இறைவனிடம் முறையிட்டார்கள். அப்பெண்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னர் அவர்களின் தந்தை அழைத்து, எட்டு ஆண்டு வேலை, விரும்பினால் பத்து என்று ஒப்பந்தம் பேசினார். மகள் செய்த சிபாரிசு இரண்டே தகுதிகள்: வலிமை, நம்பகம்.

இந்த இரண்டாவது தகுதியில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், பணம் கொடுத்துப் பொய் அனுபவச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வோரும் உண்டு. ஒரு பயத்தைத் தீர்க்க, என்றைக்காவது விசாரிப்பார்களே என்ற ஆயுட்காலப் பயத்தை விலைக்கு வாங்குகிறார்கள்! அந்தப் பொய்யால் வரும் சம்பளத்தை எந்த மனத்தோடு உண்பது?

நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒரு துஆவில், கவலையிலிருந்தும் கடன் சுமையிலிருந்தும் சேர்த்தே பாதுகாவல் தேடப்படுகிறது. தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் உள்ள பிள்ளைக்கு அதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்றதும் அவர்களே. நியமனக் கடிதத்தில் முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்று படித்து வைப்பதும், சம்பளச் சீட்டுகளைச் சேர்ப்பதும், மூன்று மாதச் செலவை ஒதுக்கிவிட்டுப் பிறகு வண்டி வாங்குவதும் அந்தக் கட்டுதலே.

இன்னொன்று, வீட்டில் சொல்வது. இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம் போலும். நாமறிந்த பிள்ளை ஒருவர், வேலை போன பின்னும் மூன்று வாரம் டிபன் டப்பாவுடன் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, செங்கல்பட்டுவரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் இஷாவுக்குப் பிறகு தாயாரிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா அழவில்லையாம். "டப்பாவில் சோறு மிச்சம் வந்தபோதே தெரியும்டா தம்பி. நீயே சொல்லட்டும் என்றுதான் இருந்தேன்" என்றாராம்.