மொழி தெரியாத பாட்டைக் கேட்பவருக்கு

திருவையாற்றில் ஒரு புஷ்ய பகுள பஞ்சமி. காவிரிக்கரைப் பந்தலில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலாகத் தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மடியில் அட்டை பிய்ந்த பாட்டுப் புத்தகம். தெலுங்குச் சொற்கள் எல்லாம் தமிழெழுத்தில் இருந்தன. க, ட, த, ப எழுத்துகளின் தோளில் 2, 3, 4 என்று பொடிப்பொடி எண்கள். நம்மிடம் ஒரே ‘க’தான் உண்டு, அங்கே நான்கு. எந்தக் ‘க’ என்று சொல்லத்தான் அந்த எண்கள். அவர் விரல் ஒவ்வோர் எண்ணாகத் தொட்டு நகர்ந்தது. கடைசியில் ஸ்ரீராகக் கீர்த்தனை வந்தபோது விரல் நின்றுவிட்டது, கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். “முழுசாத் தெரியாது தம்பி. பெரியவங்களைக் கும்பிடுற பாட்டுன்னு தெரியும். அறுபது வருஷமாப் பாடறேன்” என்றார்.

புரியாத மொழிப் பாட்டை ரசிப்பது எப்படி என்று கேட்பவர்களிடம் அவரைப் பற்றித்தான் சொல்கிறேன். அர்த்தம் முழுசாகத் தெரியாமலே அவருக்குக் கண் கலங்கியது. சொல் தெரியாவிட்டாலும் அதன் ஒலியில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. அவரிடமிருந்தும், இத்தனை வருஷம் கேட்டதிலிருந்தும் நான் கற்றுக்கொண்டவை இவை.

செய்ய வேண்டியவை

முதல் நாலைந்து தடவை அர்த்தம் தேடாமல் கேளுங்கள். மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் கண் முன்னால் போய்விடும், காது பின்தங்கிவிடும். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த எழுத்தை நீட்டுகிறார், எங்கே குரலைத் தணிக்கிறார் என்று கவனியுங்கள். நமக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை. ஆலாபனையில் வரும் ‘தரனன’வுக்கோ தில்லானாவின் ஜதிக்கோ யாரும் அர்த்தம் கேட்பதில்லை. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002-இல் ஓர் ஆல்பம் முழுவதையும் அகராதியில் இல்லாத ஒலிகளாலேயே பாடியது. கூட வந்த சிறு புத்தகத்தில் பாட்டு வரிகள் இருக்க வேண்டிய பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தார்கள். கேட்பவர் தனக்குத் தோன்றியதை அதில் எழுதிக்கொள்ளலாம்.

தெரிந்த வாசல் ஒன்று இருக்கும், அதன் வழியாக உள்ளே போங்கள். நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடிய கவாலியை முதலில் கேட்டபோது எனக்கு உருதுவும் தெரியாது, பஞ்சாபியும் தெரியாது. ஆனால் பாட்டின் நடுவே அவர் திடீரென்று சரிகமவில் இறங்கி மளமளவென்று ஸ்வரங்களைக் கொட்டினாரே, அது எனக்குத் தெரிந்த மொழி. பின்னால் கைதட்டிக்கொண்டே ஒரு குழு அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறது. பஜனை மடத்தில் உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் அந்நியமாகவா இருக்கும்?

பிறகு, கட்டாயமாக, அர்த்தத்தைத் தேடிப் போங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கேப் வேர்டி தீவுகளின் செசாரியா எவோராவை எடுத்துக்கொள்ளுங்கள். மிண்டேலோ என்ற துறைமுக ஊரில் 1941-இல் பிறந்தவர். மேடையிலும் வெறுங்காலோடுதான் நிற்பார். ஐம்பது வயதை ஒட்டித்தான் உலகம் அவரைக் கேட்க ஆரம்பித்தது. 1992-இல் வந்த ஆல்பத்தில் ‘சொதாத்’ என்ற பாட்டு இருக்கிறது. அதை நான் மாதக்கணக்கில் கேட்டிருக்கிறேன். கிதாரும் கவகின்யோ என்ற சின்ன நரம்புக் கருவியும் அவசரமே இல்லாமல் நடக்க, அவர் குரல் அதற்கும் பின்னாலேயே வரும். அந்த ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து காதில் உட்கார்ந்துகொண்டது. பிரிவுத் துயரம் என்று மட்டும் ஊகித்திருந்தேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். அது சாவோ தோமே தீவுக்குப் போனவரைப் பற்றிய பாட்டு. போர்ச்சுகல் இரண்டு இடங்களையும் ஆண்ட காலத்தில், மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோதெல்லாம் கேப் வேர்டி மக்களை ஒப்பந்தக் கூலிகளாகச் சாவோ தோமேயின் கோகோ தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கண்டிச் சீமை நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் தேயிலைக்கும் ரப்பருக்கும் கப்பலேறிப் போய்த் திரும்பாதவர் இல்லாத தெரு கிடையாது. அன்று மறுபடி அந்தப் பாட்டைப் போட்டேன். அதே குரல்தான், அதே கிதார்தான். ஆனால் இந்தத் தடவை அந்தச் சொல் வந்தபோது போனவர் ஒருவரின் முகம் தெரிந்தது.

ஒரு சொல்லையாவது அவர்கள் சொல்வதுபோலச் சொல்லிப் பழகுங்கள். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட சுசீலாவும் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் பாடிய தமிழில் ழகரத்தைக் கேட்டிருப்பீர்கள். நம் மொழிக்கு அவர்கள் கொடுத்த அந்த மரியாதையைப் பிற மொழிக்கு நாமும் கொடுக்கலாம்.

செய்யக்கூடாதவை

காதில் தப்பாக விழுந்ததை வைத்துக் கேலி செய்யாதீர்கள். தப்பாகக் காதில் விழுவது இயல்பு. அதை ஊர்கூட்டிச் சிரிப்பதுதான் தப்பு. இதன் வலி தமிழருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தில் பிரபுதேவா ஆடிய ‘கல்லூரி வானில்’ பாட்டுக்கு 2007-இல் ஒருவர், தமிழ் ஒலிகள் ஆங்கிலச் சொற்களாகக் காதில் விழுவதுபோல வரிகள் எழுதி இணையத்தில் ஏற்றினார். உலகம் முழுவதும் பார்த்துச் சிரித்தது. அந்தப் பாட்டு ஒரு மொழியில் பாடப்பட்டது, அதில் ஒருவர் யோசித்து எழுதிய வரிகள் இருக்கின்றன என்ற நினைப்பே அந்தச் சிரிப்பில் இல்லை. நாம் சீனப் பாட்டையோ அரபிப் பாட்டையோ அப்படிப் பாடிக் காட்டும்போது அதையேதான் செய்கிறோம்.

பாட்டின் பெயரை உங்கள் வசதிக்கு மாற்றாதீர்கள். ஜப்பானின் கியூ சகமோட்டோ 1961-இல் பாடிய ஒரு பாட்டு, 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. முழுக்க ஜப்பானிய மொழிப் பாட்டு. கண்ணீரை அடக்கிக்கொண்டு தனியாக நடந்துபோகிற ஒருவனுடைய துயரம் அது. வெளிநாட்டில் விற்றவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘சுகியாகி’. வாயில் நுழைகிறதே என்று மாட்டிறைச்சிக் கறி ஒன்றின் பெயரை எடுத்து ஒட்டிவிட்டார்கள். இன்றைக்கும் பலருக்கு அந்தப் பாட்டு அந்தப் பெயரில்தான் தெரியும்.

புரியாததே உசத்தி என்று தாய்மொழிப் பாட்டைத் தள்ளிவைக்காதீர்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையிலேயே தமிழ்ப் பாட்டுக்குக் கடைசித் துக்கடாவாகத்தான் இடம் கிடைத்தது. அதனால்தான் 1941-இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. கல்கி பக்கம் பக்கமாக எழுதினார். தியாகராஜரின் மேல் பகை கொண்டு கேட்டதில்லை அது, வீட்டுப் பிள்ளைக்கும் பந்தியில் இலை போடுங்கள் என்று கேட்டது. திருவையாற்றில் அழுதவன், தேவாரத்துக்கும் அருணாசலக் கவிராயருக்கும் அதே காதைக் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

செயலி தரும் மொழிபெயர்ப்பை அப்படியே நம்பாதீர்கள். அந்த மொழிக்காரர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

இனிமையாக இருக்கிறது என்பதற்காகத் தூக்கப் பாட்டாக்கிவிடாதீர்கள். போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் கொரெட்ஸ்கி 1976-இல் எழுதிய மூன்றாவது சிம்பொனியின் ஒரு பதிவு 1992-இல் வெளிவந்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. நானும் வாங்கினேன். மெதுவாக ஏறி இறங்கும் ஒரு பெண் குரல். இரவில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டாம் பகுதியைப் போட்டுக்கொண்டு படுப்பேன், பாதியிலேயே தூங்கிவிடுவேன். அதன் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1944-இல் சகோபானே என்ற மலை ஊரில் நாஜி ரகசியப் போலீஸ் வைத்திருந்த நிலவறைச் சிறையின் சுவரில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி கீறிவைத்த பிரார்த்தனை அது. தாய்க்கு ஆறுதல் சொல்லும் வரி. கீழே தன் பெயரையும் வயதையும் எழுதியிருந்தாள். இப்போது அதைக் கேட்பதென்றால் விளக்கைப் போட்டு, எழுந்து உட்கார்ந்துதான் கேட்கிறேன்.