குழுவுக்கு வெப்சைட் வேண்டுமா? சாவி யார் கையில் என்று முதலில் பாருங்கள்



சித்தேரி மலையில் விளையும் சாமை, புளி, தேன் எல்லாவற்றையும் கீழே இறக்கித்தான் விற்க வேண்டியிருக்கிறது. இறக்கின பிறகு வியாபாரி சொல்வதுதான் விலை. மூட்டையைத் திரும்ப மேலே சுமந்து வர மாட்டோம் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் "வெப்சைட் போட்டால் சென்னைக்கும் பெங்களூருக்கும் நேராகவே விற்கலாமே" என்ற பேச்சு குழுக்களில் வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் செலவாகப் போவது குழுவின் பணம். ஆகவே எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று இந்தப் பாடத்தில் தெரிந்து கொள்வோம்.

வெப்சைட் பில்டர் என்றால் என்ன?

முன்பெல்லாம் வெப்சைட் அமைக்க கம்ப்யூட்டர் படித்த ஒருவர் வேண்டும். இப்போது அலமாரி, பலகை எல்லாம் போட்ட கடை அறையைப் போல, தயாராக ஒரு பக்கத்தைச் சில கம்பெனிகள் கொடுக்கின்றன. நாம் போட்டோவை வைத்து, விலையை எழுதினால் போதும். இதைத்தான் வெப்சைட் பில்டர் என்கிறார்கள். கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் டாட் காம், விக்ஸ், நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஸோஹோவின் ஸோஹோ சைட்ஸ் எல்லாம் இந்த வகைதான்.

இதில் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. கடை அறை அவர்களுடையது. சரக்கும் பெயரும்தான் நம்முடையவை. வாடகைக் கடை பிடிக்கும்போது எப்படி விசாரிப்போமோ, அப்படியே இங்கேயும் ஐந்து கேள்வி கேட்க வேண்டும்.

1. சாவி யார் பெயரில் இருக்கும்?

இதுதான் முதல் கேள்வி. வெப்சைட்டுக்கு மூன்று சாவி உண்டு: மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும், ஓ.டி.பி. வருகிற கைபேசி எண், வெப்சைட்டின் முகவரி. இந்த முகவரியை டொமைன் என்பார்கள். யார் பெயரில் பதிவாகிறதோ அவருக்குத்தான் அதன் மீது உரிமை.

தெரிந்த பையன் ஒருவர் உதவிக்கு வந்து, தன் மின்னஞ்சலிலேயே எல்லாவற்றையும் பதிந்து விட்டால் என்ன ஆகும்? அவர் வேலைக்கு வெளியூர் போய் விட்டால் விலையைக்கூட நம்மால் மாற்ற முடியாது. வருடக் கட்டணத்துக்கான நினைவூட்டலும் அவருக்குத்தான் போகும். கட்டாமல் விட்டால் கொஞ்ச காலத்துக்குப் பிறகு நம் முகவரியை வேறு யாரும் வாங்கிக் கொள்ளலாம்.

1989-ல் இஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். பேங்க் கணக்கு குழுவின் பெயரில் இருக்க வேண்டும், தனி ஆள் பெயரில் கூடாது என்று அப்போதிருந்து படித்து வருகிறோம். வெப்சைட்டுக்கும் அதே விதிதான். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சலும் ஒரு சிம் கார்டும் இருக்கட்டும். பாஸ்வேர்டு ஊக்குநருக்கும் ஒரு பிரதிநிதிக்கும் தெரிந்திருக்கட்டும். பொறுப்பு மாறும்போது பாஸ்வேர்டையும் மாற்றி, தீர்மான நோட்டில் எழுதி விடுங்கள்.

2. ஐந்து வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு?

முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கணக்குப் புரிவதற்காக ஒரு உதாரணம் பார்ப்போம். முதல் வருடம் 1,000 ரூபாய், அடுத்த ஒவ்வொரு வருடமும் 4,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஐந்து வருடத்தில் 17,000 ரூபாய் ஆகிறது. ஒரு பாக்கெட் சாமை அரிசியில் 20 ரூபாய் லாபம் என்றால், 850 பாக்கெட் விற்றால்தான் அந்தச் செலவே கழியும். அவ்வளவு சரக்கு நம்மிடம் உண்டா? இந்தக் கணக்கைக் கூட்டத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் வருடக் கட்டணத்தைக் கேட்டு எழுதி வாங்காமல் பணம் கட்ட வேண்டாம்.

3. நம் கையாலேயே மாற்ற முடியுமா?

புளி விலை மாதத்துக்கு மாதம் மாறும். தேன் தீர்ந்து போகும். ஒவ்வொரு தடவையும் அடுத்தவரைத் தேடிப் போனால் சரிப்பட்டு வராது. வேர்ட்பிரசுக்கும் விக்சுக்கும் கைபேசியிலேயே திருத்துவதற்கு ஆப் இருக்கிறது. கூகுள் சைட்ஸ் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திருத்துவதுதான் சுலபம். எதை எடுப்பதானாலும் முதலில் இலவசமாகச் செய்து பாருங்கள். குழுவில் உள்ள இரண்டு பேர் யார் உதவியும் இல்லாமல் ஒரு விலையை மாற்றிக் காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் அது நமக்குத் தோதானது இல்லை.

மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். போட்டோக்களைச் சின்ன அளவாக்கிப் போட்டால்தான் நமக்கு ஏற்றவும் முடியும், வாங்குகிறவருக்குச் சீக்கிரம் திறக்கவும் செய்யும்.

4. காலி பண்ணும்போது சாமானை எடுத்துப் போக முடியுமா?

கம்பெனி பெரியது, மூட மாட்டார்கள் என்று நினைக்கலாம். யாஹூ கம்பெனி 1999-ல் வாங்கிய ஜியோசிட்டீஸ் என்ற இலவசச் சேவையில் லட்சக்கணக்கானவர்கள் பக்கம் வைத்திருந்தார்கள். 2009-ல் அமெரிக்காவில் அதை மூடி விட்டார்கள். சிறு கடைகளுக்குக் கூகுள் இலவசமாக அமைத்துத் தந்த வெப்சைட்டுகளும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அந்த முகவரியைப் போர்டிலும் பையிலும் அச்சடித்து வைத்திருந்தவர்களுக்கு அது வீணானது.

டொமைன் நம் பெயரில் தனியாக இருந்தால், கம்பெனி மாறினாலும் அதே முகவரியைப் புதுப் பக்கத்துக்குத் திருப்பி விடலாம். வேர்ட்பிரசில் எழுதியதை இறக்கி எடுத்துக் கொண்டு வேறு இடம் போக வழி இருக்கிறது. விக்சில் அமைத்த வெப்சைட்டை அப்படியே பெயர்த்து வேறு இடத்தில் வைக்க முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். எதுவானாலும் போட்டோ, விலைப் பட்டியல், வாடிக்கையாளர் எண்கள் மூன்றுக்கும் தனி நகல் வைத்துக் கொள்ளுங்கள்.

5. ஆர்டரும் பணமும் எப்படி வரும்?

கூகுள் சைட்சில் பொருளை அறிமுகம் செய்யலாம், பணம் வாங்கும் வசதி அதில் கிடையாது. விக்ஸ் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரமும் இருக்கும். பணம் வாங்க வேண்டுமானால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும். வாரத்துக்கு நாலைந்து ஆர்டர் என்றால் போனில் பேசிக் குழுவின் பேங்க் கணக்கில் பணம் வாங்கிக் கொள்வதே போதும். ஒரு எச்சரிக்கை: பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் அனுப்பறேன், நம்பரை அழுத்துங்க" என்று யாராவது சொன்னால் அது மோசடி.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

இப்போதுதான் விற்கத் தொடங்குகிற குழுவுக்கு வெப்சைட் அவசரம் இல்லை. 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் பொருள் பட்டியலை போட்டோவும் விலையுமாக இலவசமாக வைக்கலாம். மதி சந்தை, இ-சரஸ் என்று மகளிர் குழுப் பொருட்களுக்காக அரசுத் தரப்பில் இணையச் சந்தைகளும் தொடங்கப்பட்டன. அவற்றில் சேர வட்டார இயக்க மேலாண்மை அலகில் விசாரியுங்கள்.

வெளியூர் வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் நிலை வந்த பிறகு, கூகுள் சைட்சிலோ வேர்ட்பிரசிலோ ஒரே ஒரு பக்கம் போதும். அதில் குழுவின் பெயர், ஊர், பொருள், எடை, விலை, அனுப்ப ஆகும் நாட்கள், குழுவின் கைபேசி எண், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இவை இருக்கட்டும். உறுப்பினர்களின் ஆதார் எண்ணையோ வீட்டு விலாசத்தையோ போட வேண்டாம். ஆர்டர் பெருகி, கூட்டமைப்பாகச் சேர்ந்து விற்கும்போது கட்டணத் திட்டத்தைப் பற்றி யோசிக்கலாம். பத்துக் குழு தனித்தனியே பணம் கட்டுவதைவிட, சேர்ந்து ஒரே வெப்சைட் வைத்தால் செலவு பங்காகும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

* போன வருடம் வெளியூர்க்காரர்கள் நம்மிடம் நேராக வாங்கியது எவ்வளவு? கணக்கு நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.
* மாதா மாதம் தவறாமல் அனுப்பும் அளவுக்கு எந்தப் பொருள் நம்மிடம் இருக்கிறது?
* குழுவுக்கென்று மின்னஞ்சல் இருக்கிறதா? அதன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?
* விலை மாற்றக் கற்றுக் கொள்ளப் போகும் இரண்டு பேர் யார்?

நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு தீர்மானம் போடுங்கள். கிடைக்காத வரை பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.