மீண்டும் சைக்கிள்: 50 வயதுக்குப் பிறகு பாதுகாப்பாகத் தொடங்குவது எப்படி?

சைக்கிள் ஓட்டக் கற்றவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. 30 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஏறி உட்கார்ந்தாலும், சற்று நேரத்தில் கால்களுக்குப் பழக்கம் திரும்பிவிடும். செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலைக்குச் சென்றவர்கள், வீடு வீடாகப் பாலும் ரொட்டியும் கொண்டுவந்தவர்கள், அப்பாவின் பெரிய ராலி சைக்கிளில் கம்பிக்கு இடையே காலை நுழைத்து ஓட்டப் பழகிய பிள்ளைகள் எனச் சைக்கிளோடு வளர்ந்த தலைமுறை நம்முடையது.

ஆனால் திரும்பி வருவது பழக்கம் மட்டுமே. தசைகளின் வலு, கழுத்தைத் திருப்பும் எளிமை, கண்பார்வை, சட்டென்று பிரேக் பிடிக்கும் வேகம் ஆகியவை அதோடு சேர்ந்து திரும்புவதில்லை. “எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே” என்று முதல் நாளே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக நினைப்பது இதனால்தான் ஆபத்து. முதல் சில வாரங்கள் உங்களைப் புதிதாகக் கற்பவராக எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கான வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

சைக்கிள் ஓட்டுவதால் என்ன கிடைக்கும்?

30 வயதுக்குப் பிறகு நம் தசைகள் மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகின்றன. 60 வயதைத் தாண்டியதும் இழப்பு இன்னும் வேகமாகிறது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவதும், படி ஏறுவதும், பேருந்தில் நிலைதடுமாறாமல் நிற்பதும் பெரும்பாலும் தொடைத் தசைகளின் வேலை. பெடல் மிதிக்கும்போது உழைப்பவையும் அதே தசைகள்தான்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதில் இன்னொரு வசதி உண்டு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் உடல் எடையைத் தாங்குகிறது. சைக்கிளில் அந்த எடையில் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்கிறது. மூட்டு அசைகிறது, ஆனால் அதிர்வதில்லை. அதனால் நடந்தால் வலிக்கிறது என்று உடற்பயிற்சியை விட்டவர்களில் பலர் சைக்கிளில் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க முடியும்.

நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். உழைக்கும் தசை, இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பின்பும், ஒரு நாள் அல்லது அதற்கு மேலும், இன்சுலின் உடலில் நன்றாக வேலை செய்கிறது. 10 ஐரோப்பிய நாடுகளில் நீரிழிவு உள்ள 7,000க்கும் அதிகமானோரைப் பல ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2021ல் வெளியானது. சைக்கிள் ஓட்டாதவர்களைவிட ஓட்டியவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்தன. முதலில் ஓட்டாமல் இருந்து, ஆய்வுக்காலத்தில் புதிதாகத் தொடங்கியவர்களிடமும் அதே நன்மை தெரிந்தது. உடல்நலம் நன்றாக உள்ளவர்களே சைக்கிளில் ஏறுகிறார்கள் என்பதும் இதற்கு ஓரளவு காரணமாக இருக்கலாம். இருந்தாலும், தாமதமாகத் தொடங்கினால் பயனில்லை என்று நினைக்க வேண்டியதில்லை.

சைக்கிளால் முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உடல் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் எலும்பு உறுதிபெறுகிறது. உட்கார்ந்தபடி மிதிக்கும் சைக்கிள், எலும்புத் தேய்மானத்தைத் தடுக்க அதிகம் உதவாது. எனவே நடப்பதையும் படி ஏறுவதையும் விட்டுவிடாதீர்கள். வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை.

முதலில் மருத்துவரிடம்

ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்திருந்தால், குடும்ப மருத்துவரை அடுத்த முறை பார்க்கும்போது “சைக்கிள் ஓட்டத் தொடங்கலாமா?” என்று நேராகக் கேளுங்கள். பலதுறை மருந்தகத்துக்குச் செல்பவர்களும் அங்கே கேட்கலாம். இதய நோய், பக்கவாதம், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், அடிக்கடி தலைசுற்றல், அண்மையில் கண் அல்லது மூட்டு அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மருத்துவரின் அனுமதி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுசெல்லுங்கள். மூன்று வகை மருந்துகளில் கவனம் தேவை.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிபிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் ஓட்டும்போதோ சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை அளவு மிகவும் குறையக்கூடும். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, தடுமாற்றம் தெரிந்தால் உடனே நிறுத்தி இறங்குங்கள். “அடுத்த உணவங்காடி நிலையம் வரை போய்விடலாம்” என்று தள்ளிப்போட வேண்டாம். 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்தோ, அரை கிளாஸ் இனிப்பு பானமோ குடியுங்கள். சர்க்கரை சேர்க்காத ‘டயட்’ பானம் இதற்கு உதவாது. 15 நிமிடம் கழித்து அளவைச் சோதியுங்கள். 4.0க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் குடியுங்கள். சரியான பிறகும் அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு திரும்புவது நல்லது.

இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலோல், பிசோபுரோலோல் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களின் இதயத் துடிப்பு, கடுமையாக மிதித்தாலும் அதிகம் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி, இன்னும் வேகமாக மிதிக்கலாம் என்று முடிவுசெய்யாதீர்கள்.

மூன்றாவது, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள். வார்ஃபரின் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களுக்குச் சிறிய விழுகைகூடப் பெரிய இரத்தக்கசிவாக மாறலாம். இவர்களுக்கு ஓரிடத்தில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளே ஏற்றது என்று மருத்துவர் சொன்னால், அதை ஏமாற்றமாக நினைக்க வேண்டாம். தொடைத் தசைக்கும் இதயத்துக்கும் கிடைக்கும் பயிற்சி அதேதான்.

எந்த சைக்கிள்?

பலருக்கு முதல் சிரமம் ஏறி இறங்குவதில்தான். இடுப்பு முன்புபோல வளைவதில்லை. காலைப் பின்னால் தூக்கி இருக்கைக்கு மேலே வீசும்போதே சிலர் சாய்ந்துவிடுகிறார்கள். குறுக்குக் கம்பி தாழ்வாக உள்ள சைக்கிளில் காலை முன்பக்கமாக நுழைத்து ஏறலாம். அதைப் ‘பெண்கள் சைக்கிள்’ என்று ஒதுக்கும் ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள். கூச்சத்துக்காக இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள வேண்டுமா?

கைப்பிடி, முதுகை நிமிர்த்தி உட்காரும் உயரத்தில் இருக்கட்டும். பந்தயச் சைக்கிள் போலக் குனிந்து ஓட்டினால் கழுத்தும் கீழ்முதுகும் வலிக்கும், பாதையும் சரியாகத் தெரியாது. பெடல் மிகக் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருப்பதே சரியான இருக்கை உயரம். இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி முன்பக்கம் வலிக்கும். தொடக்க நாள்களில் மட்டும், இரண்டு பாதங்களும் தரையில் படியும்படி தாழ்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கம்பி பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தினால்தான் வண்டி நிற்கும். இன்றைய தட்டு பிரேக்கை அதே பலத்தோடு பிடித்தால் முன்சக்கரம் அப்படியே நின்று, ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலே தூக்கி எறியப்படுவார். எந்தக் கைப் பிரேக் எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்பதைத் தள்ளிக்கொண்டே சோதித்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து, மெல்ல அழுத்திப் பழகுங்கள்.

முதல் சில நாள்கள்

வெளியே கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். சுவரின் அருகே நின்று, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு நாற்காலியில் அமர்ந்து, தோளுக்கு மேல் திரும்பிப் பின்சுவரைப் பாருங்கள். இவை முடியாவிட்டால் சில வாரங்கள் தினமும் பழகிய பிறகு பாதைக்குப் போகலாம்.

ஆள் நடமாட்டம் குறைந்த, சமமான பூங்காப் பாதையாகத் தேர்ந்தெடுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிளோட்டிகளுக்கான தனிப் பூங்காவும் இருக்கிறது, அங்கே தொடக்கநிலையினருக்குத் தனிச்சுற்று உண்டு. வார நாள் காலை நேரம் நல்லது. முதலில் பெடலில் கால் வைக்காமல், தரையைக் காலால் உந்தி உந்தி நகருங்கள். சமநிலை வந்த பிறகு மிதியுங்கள். நேராகப் போவது எளிது. மெதுவாகப் போவதும், நினைத்த இடத்தில் நிறுத்துவதும், வளைந்து திரும்புவதும், பின்னால் பார்க்கும்போது வண்டி கோணாமல் வைத்திருப்பதும்தான் கடினம். நேரத்தை அவற்றுக்குச் செலவிடுங்கள்.

இளமையில் ஓட்டக் கற்காத பெண்கள் இப்போது இதே முறையில் கற்கலாம். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் செயினில் சிக்கும். காற்சட்டையும் முழுப் பாதத்தையும் மூடும் காலணியும் அணியுங்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வீடு திரும்பியதும் கொப்புளம், கீறல் உள்ளதா என்று பாதங்களைப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம்?

பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. அதை முதல் வாரத்திலேயே எட்ட வேண்டியதில்லை. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு நாளும் 10 நிமிடம் என்று தொடங்கி, வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டினால், ஏழாவது வாரத்தில் ஒரு நாளைக்கு 40 நிமிடம் ஓட்டுவீர்கள். அது வாரத்துக்கு 120 நிமிடம். மீதி 30 நிமிடத்துக்குச் சந்தைக்கோ கோயிலுக்கோ விறுவிறுப்பாக நடந்தால் போதும். ஒரு வாரம் உடம்பு சரியில்லாமல் விட்டுவிட்டால், விட்ட இடத்துக்குத் தாவாமல் ஓரிரு படி கீழிருந்து தொடருங்கள்.

வேகத்துக்கு எளிய அளவுகோல் உங்கள் வாய்தான். மிதிக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் சற்று வேகம் கூட்டலாம். இரண்டு சொல் பேசவே மூச்சு வாங்கினால் குறையுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட இலேசான கியரில் சற்று வேகமாகக் கால்களைச் சுழற்றுவது முழங்காலுக்கு நல்லது. முடிக்கும்போது கடைசி 5 நிமிடம் மெதுவாக மிதியுங்கள். திடீரென நிறுத்தி இறங்கினால் தலைசுற்றலாம், இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்களுக்குக் குறிப்பாக.

நண்பகல் வெயிலைத் தவிருங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். புகைமூட்டக் காலத்தில் பிஎஸ்ஐ அளவு 100ஐத் தாண்டினால் வெளியே ஓட்டாமல் வீட்டுக்குள் பயிற்சி செய்யலாம்.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், கண் இருட்டுவது ஆகியவை தெரிந்தால் உடனே நிறுத்தி, 995ஐ அழையுங்கள். வாயுத் தொல்லை என்று நீங்களே முடிவுசெய்து காத்திருக்காதீர்கள்.

பாதையில் தெரிந்திருக்க வேண்டியவை

நம் இளமையில் சாலையில்தான் ஓட்டினோம். இப்போது பூங்கா இணைப்புப் பாதைகளும், வீடமைப்புப் பேட்டைகளில் சிவப்பு நிறச் சைக்கிள் பாதைகளும் இருக்கின்றன. புதிதாகத் திரும்புபவர்கள் சாலையைத் தவிர்த்து இவற்றையே பயன்படுத்துவது நல்லது. இங்கே வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். நடைபாதையில் 10 கிலோமீட்டர்தான். சைக்கிள் பாதையை ஒட்டியுள்ள நடைபாதைகள் 2025 ஜூலை 1 முதல் நடப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. மேம்பாலங்களிலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். இரவு 7 மணிமுதல் காலை 7 மணிவரை முன்பக்கம் வெள்ளை விளக்கும் பின்பக்கம் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். விடியற்காலையில் கிளம்புபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தலைக்கவசம் சாலையில் கட்டாயம். பாதைகளில் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்றாலும் நம் வயதில் எங்கே ஓட்டினாலும் அணிய வேண்டும் என்பதே எங்கள் ஆலோசனை. தரையில் மோதும்போது தலைக்கு அது பாதையா சாலையா என்று தெரியாது.

விழுந்துவிட்டால் அவசரமாக எழ வேண்டாம். சில நிமிடம் அமர்ந்து, கை, கால், இடுப்பை மெல்ல அசைத்துப் பாருங்கள். இடுப்பில் கடும் வலி இருந்தாலோ காலை ஊன்ற முடியாவிட்டாலோ உதவி வரும்வரை அசையாதீர்கள். தலையில் அடிபட்டிருந்து, நீங்கள் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவராக இருந்தால், காயமே தெரியாவிட்டாலும் அன்றே அவசரசிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மற்றவர்களும் தலைவலி, வாந்தி, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் ஏற்பட்டால் தாமதிக்கக்கூடாது. பிள்ளைகள் “இனி சைக்கிளே வேண்டாம்” என்று சொல்வார்கள் என்ற பயத்தில் விழுந்ததை வீட்டில் மறைக்காதீர்கள். கைப்பேசியோடு ஒரு சிறு அட்டையில் உங்கள் பெயர், வீட்டாரின் எண், நோய், மருந்துகள் ஆகியவற்றை எழுதி எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள்.