மின்னுவதெல்லாம் பொன்வண்டா?

கேள்வி: மரக்காணம் உப்பளங்களை அடுத்த புதர்க்காட்டில் பளபளக்கும் பச்சைப் பூச்சிகளைப் பார்க்கிறோம். அவை பொன்வண்டுகள்தாம் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள், உடலமைப்பைப் பாருங்கள். அந்தப் பளபளப்பு சாயத்தால் வருவதன்று; மேலோட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஆகவே பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். போதாக்குறைக்கு, அதே பச்சையில் மின்னும் நாவாய்ப்பூச்சி இனங்களும் உண்டு. அவற்றின் முதுகை ஒரே கேடயம் மூடியிருக்கும்; வாய் சாறு உறிஞ்சும் ஊசி போன்றது. பொன்வண்டின் முதுகிலோ இரண்டு கெட்டிச் சிறகுகள் நடுவில் நேர்கோடாகச் சேரும். இலையைக் கடித்துத் தின்னும் தாடைகள் இருக்கும். மற்ற வண்டுகளிலிருந்தும் பிரித்தறிய வேண்டும்: பூக்களில் மொய்க்கும் மின்னும் வண்டுகளின் உணர்கொம்பு நுனி விசிறிபோல விரியும். பொன்வண்டின் கொம்பு ரம்பப்பல் போன்றது, உடல் பின்புறம் குறுகும்.

"நிறம் பயனற்றதா?" என்று கேட்கலாம். பயனுண்டு, ஆனால் குடும்பத்தை உறுதிசெய்த பிறகே. ஸ்டெர்னோசெரா கிரைசிஸ் என்ற பொன்வண்டுக்குக் கழுத்துப்பகுதி பச்சை, சிறகுகள் செம்பழுப்பு. பச்சையை மட்டும் தேடுபவர் இதைத் தவறவிடுவார். "பிடித்து வைத்தால்தானே நுணுக்கமாகப் பார்க்க முடியும்?" என்பதும் நியாயமான கேள்வி. சில இனங்களுக்கு ஆய்வகப் பரிசோதனை தேவைதான். ஆனால் இந்த வேறுபாடுகளுக்குத் தெளிவான படங்களே போதும். மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுங்கள், அமர்ந்திருந்த செடியையும் தேதியையும் குறியுங்கள். தீப்பெட்டியில் அடைக்காமல் வண்டை அதன் செடியிலேயே விட்டுவிடுங்கள்.